வெற்றிலைத் தட்டில் வந்த சாவி

ஆனி 10, வியாழன்

இன்று அப்பாவோடு தென்காசி கோர்ட்டுக்குப் போனேன். இலவச சட்ட உதவிக்கென்று அங்கே ஒரு வக்கீல் அம்மா இருக்கிறார். குற்றாலத்தில் இந்த சீசனுக்கு எங்களுக்கென்று பேசிய பழக்கடையை உரிமையாளர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதை அப்பா சொன்னார். எங்களிடம் இருந்த சாவியை மேசையில் வைத்தார். அந்தக் கதவில் இப்போது வேறு பூட்டு தொங்குகிறது.

"அக்ரிமெண்ட் எங்க அண்ணாச்சி?"

"எழுதலம்மா. வெத்தலத் தட்டுல சாவிய வச்சுக் குடுத்தா அதுதான் எங்களுக்குப் பேச்சு. அதுக்கு மேல பத்திரம் கேட்டா, நம்பலியான்னு கோவிச்சுக்கிடுவாங்க."

"யாரு பாத்தா?"

அப்பா என்னைக் காட்டினார். தட்டை ஏந்தி நின்றவள் நான்தான். "சாரல் விழுந்ததும் கடையத் தொறயும், இந்த சீசன் உமக்குத்தான்வே" என்று உரிமையாளர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் வக்கீல் அம்மா கேட்டபோது எனக்குக் குரலே வரவில்லை.

"அவளுக்குக் கூச்சம். நான் சொல்லுதேன்."

"நீங்க மட்டும் சொன்னா போதாது அண்ணாச்சி. ஜட்ஜ் முன்னால இவளும் சொல்லணும்."

அந்தக் கடைக்கு ஆள் வேண்டுமென்றுதான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அந்த வியாபாரத்தில்தான் வருஷம் முழுக்க வீடு ஓடும். திரும்பும்போது பஸ்ஸில் அப்பா எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

வெளியே சாரல் விழுகிறது. எழுதிக்கொண்டே உரிமையாளர் அன்று சொன்னதை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். தூங்கிவிட்டார் என்று நினைத்த அப்பா, சுவர்ப் பக்கம் திரும்பியபடியே சொன்னார்.

"கேக்கலட்டி. இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.