பாட்டு மெதுவாகிற இடம்

வலைஞர்மடம்,
09.03.1997

அன்புத் தம்பி றெஜி,

இன்று விடிந்ததும் முதல் வேலையாகச் சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து வைத்தேன். பொருளாதாரத் தடையால் இங்கே பற்றரி வருவதில்லை என்று உனக்குத் தெரியும். பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் கரண்ட் வரும். அதிலிருந்து இரண்டு வயரை ரேப் றெக்கோடருக்குக் கொடுத்துத்தான் இப்போது எல்லா வீட்டிலும் பாட்டுக் கேட்கிறார்கள். சுற்றினது அப்பா. எழுபத்தொரு வயதில், "தள்ளு பிள்ளை, உனக்கு இது சரிவராது" என்று என்னை விலக்கிவிட்டார்.

நீ அனுப்பிய கசெற் நாலு மாதம் அலைந்து கன்னியர் மடத்துச் சிஸ்ரர் கையால் வந்து சேர்ந்தது. ஒரே பாட்டு, ஆறு நிமிடம். மறைக்காமல் சொல்லச் சொல்லி எழுதியிருந்தாய். கோயில் பாடகர் குழுவில் உன் சுருதி விலகின நாட்களில் நான் எதையாவது மறைத்தேனா?

முதல் மூன்று நிமிடமும் எனக்குப் பிடிக்கவில்லை. கிற்றாரும் மேளமும் ஒன்றையொன்று துரத்துகின்றன, சொல் கேட்கவில்லை. அப்பா கேட்டார்: "இவன் பாடுறானோ, இல்லாட்டி எஞ்சின் இழுபடுதோ?" ஆனால் அதற்குப் பிறகு பாட்டு மெல்ல மெல்லத் தளர்கிறது. மேளம் ஒதுங்கி வழி விடுகிறது. உன் குரல் தாழ்ந்து, வயது போன ஒருவரின் குரலாகிறது. "ஆறு மணி வள்ளம் இன்னும் வரேல்லை" என்ற வரி அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் அதே இடத்தில் கண் கலங்கியது. சுருதியை அப்படி இறக்குவது இந்தக் காலத்துப் பாணியாக இருக்கலாம், எனக்குத் தெரியாது. முழுப் பாட்டையும் அந்த மாதிரியே பாடினால் என்ன?

மேளம் அடிக்கிற டினோஜனையும் பேஸ் கிற்றார் வாசிக்கிற நிறஞ்சனாவையும் நான் விசாரித்ததாகச் சொல். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. கடிதம் போடப் பஞ்சிப்படாதே.

அன்பு அக்கா,
யூலிற்றா


ரொறன்ரோ,
20.08.1997

என் அன்பு அக்காவுக்கு,

நீங்களும் அப்பாவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

உங்கள் கடிதத்தை நிறஞ்சனா வீட்டு நிலக்கீழ் அறையில் வைத்து மற்ற இருவருக்கும் உரத்து வாசித்தேன். அங்கேதான் நாங்கள் பழகுகிறோம். மேலே அவளுடைய அம்மா உடுப்புத் தோய்க்கிற மெஷின், கீழே நாங்கள். எது கூடச் சத்தம் என்று அவவுக்கும் எங்களுக்கும் தினமும் போட்டி.

டினோஜன் தடிகளைக் கீழே வைத்துவிட்டு, "எந்த இடத்திலையடா மெதுவாகுது? நான் கடைசி வரைக்கும் ஒரே அடிதானே அடிச்சனான்" என்றான்.

"அக்கான்ரை காது அப்பிடி. எங்களுக்குக் கேக்காதது அவாவுக்குக் கேக்கும்" என்றேன்.

"அவா சொல்லுற மாதிரி அடிச்சா, பிரேதம் கொண்டுபோற மேளமும் எங்களை முந்திப் போயிடும்."

நிறஞ்சனாதான், ஒருக்கா அடித்துப் பார்ப்போம் என்று அவனைச் சம்மதிக்க வைத்தாள். பாட்டைப் பாதி வேகத்துக்குக் கொண்டுவந்தோம். போன சனிக்கிழமை ஒரு கல்லூரி மண்டபத்தில் வாசித்தோம். வழக்கமாக நாங்கள் வாசிக்கும்போது பிள்ளைகள் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு கதைப்பார்கள். அன்றைக்கு ஒருவரும் கதைக்கவில்லை. முடிந்ததும் எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள்.

குழுவுக்குப் பெயரும் வைத்துவிட்டோம்: சோளகம், அப்பா சொல்லுகிற அந்தத் தென்மேல் காற்று. நல்லதா என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புத் தம்பி,
றெஜி


ரொறன்ரோ,
14.11.1998

என் அன்பு அக்காவுக்கு,

ஏழு மாதமாக உங்கள் கடிதம் இல்லை. சண்டையால் பாதை பூட்டினதாகச் சொல்கிறார்கள். இது வந்து சேருமோ தெரியாது, என்றாலும் எழுதுகிறேன்.

எங்கள் முதல் சீடி வந்துவிட்டது. உங்களுக்கும் ஒன்று அனுப்பினேன். போட்டுக் கேட்க அங்கே ஒன்றும் இருக்காது என்று தபாலில் போட்ட பிறகுதான் யோசித்தேன். மொன்றியலிலும் லண்டனிலும் வாசித்தோம். தமிழ் விளங்காத வெள்ளைக்காரப் பெடியள் கூட "ஆறு மணி வள்ளம்" கேட்கிறார்கள். மற்றப் பாட்டுகளையும் அதே நடைக்குக் கொண்டுவந்துவிட்டோம். அதுதான் சோளகம் என்று சனம் பழகிவிட்டது.

மேடைக்கு ஏற முதல் டினோஜன், "இண்டைக்கு ஒரு பாட்டாவது கெதியா அடிக்க அக்கான்ரை உத்தரவு இருக்கோ?" என்று பகிடி விடுவான். இப்போது விடுவதில்லை. களைப்பாக இருக்கும்.

தம்பி,
றெஜி


பூவரசங்குளம்,
17.09.2000

அன்புத் தம்பி,

கண் சத்திரசிகிச்சைக்காக, வெளியே போகப் பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வந்தேன். நல்லபடியாக முடிந்தது, பயப்படாதே. இப்போது கமலாசனி வீட்டில் இருக்கிறேன். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். வாசிக்கக் கூடாது, வெயிலில் போகக் கூடாது என்று என்னை அதிகாரம் பண்ணுகிறாள். இந்தக் கடிதத்தையும் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இந்த வீட்டில் கரண்ட் இருக்கிறது. உன் பழைய கசெற்றைப் பையில் கொண்டுவந்திருந்தேன். நேற்று அவளுக்குப் போட்டுக் காட்டினேன். மெதுவாகிற இடம் வரும், பொறுத்துக் கேள் என்று முன்னாலேயே சொல்லி வைத்தேன்.

றெஜி, அந்த இடம் வரவில்லை.

பாட்டு தொடங்கின வேகத்திலேயே முடிந்தது. கமலாசனி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி யூலி, கண் நோகுதோ?" என்றாள். திரும்பப் போட்டேன். அப்போதுதான் அப்பா முற்றத்தில் குனிந்து நின்று பெடல் சுற்றினது நினைவுக்கு வந்தது. மூன்று நிமிடம் போக அவருக்குக் கை சோர்ந்திருக்கும். கரண்ட் குறையக் குறைய ரேப் மெதுவாக ஓடியிருக்கும். ஒவ்வொரு தரமும் அப்பா இளைப்பாறிவிட்டுத் தொடங்கினார், ஒவ்வொரு தரமும் அதே அளவில் களைத்தார். நான் அதைச் சங்கீதம் என்று நினைத்து உனக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முழுவதும் ஒரே வேகத்தில் கேட்கும்போது அந்தப் பாட்டு நன்றாக இருக்கிறது. எனக்கு இரைச்சலாகக் கேட்ட மேளம்தான் ஒவ்வொரு வரியையும் தாங்கிக்கொண்டு போகிறது. டினோஜன் என்ன செய்திருக்கிறான் என்று நான் இப்போதுதான் கேட்டேன்.

முதல் கடிதத்தை வாசித்துக் காட்டினது போல இதையும் அவர்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டு.

அக்கா


ரொறன்ரோ,
05.12.2000

என் அன்பு அக்காவுக்கு,

நான் வாசித்துக் காட்டவில்லை. காரில் இருந்து தனியாகத்தான் வாசித்தேன். முதலில் சிரித்தேன், பிறகு நெடுநேரம் காரை எடுக்க முடியவில்லை.

அக்கா, மூன்று வருடமாக நாங்கள் வாசித்தது அப்பாவின் கையை. நான் அந்தக் கையைப் பார்த்துப் பத்து வருடம். இனி நான் அந்தப் பாட்டை வேறு எந்த வேகத்தில் பாடுவேன்?

டினோஜன் ஏப்ரல் மாத நிகழ்ச்சிகளோடு விலகப் போகிறேன் என்கிறான். போன கிழமை நிறஞ்சனாவுக்கு முன்னால், "நான் ட்ரம்ஸ் அடிக்கிறவனோ, சுவரிலை தொங்குற மணிக்கூடோ?" என்று கேட்டான். மே மாதம் இரண்டாவது சீடிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறோம். அவன் போனால் சோளகம் இல்லை. இன்னொருவனைப் பிடித்து இருத்த எனக்கும் நிறஞ்சனாவுக்கும் மனம் வராது.

அவன் என்னோடு எவ்வளவு சண்டை பிடித்தாலும் உங்களைப் பற்றி ஒரு சொல் குறைவாகக் கதைத்ததில்லை. "அக்கா சொன்னா சரி" என்றுதான் இவ்வளவு நாளும் இருந்தான். அவனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மெதுவாக அடிப்பதுதான் அழகு, விலகாதே என்று இரண்டு வரி போதும். டைனமோக் கதை வேண்டாம். தெரிந்தால் அன்றைக்கே போய்விடுவான். விலாசம் இதோடு வைத்திருக்கிறேன்.

நான் உங்களிடம் வேறு ஒன்றும் கேட்டதில்லை.

றெஜி


வலைஞர்மடம்,
11.02.2001

அன்புத் தம்பி றெஜி,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. நீ காரில் தனியே இருந்ததை வாசித்தபோது, பக்கத்தில் இல்லாமல் போனேனே என்று இருந்தது.

அப்பாவுக்கு நடந்ததைச் சொன்னேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் ஊசியை வைத்துவிட்டுச் சிரித்தார். "நான் களைச்சதுக்கோ அங்கை லண்டனிலை சனம் கைதட்டினது?" என்றார். பின்னேரம் வரைக்கும் வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். சாப்பிடும்போதுதான், "அப்ப அந்த மேளக்காரப் பெடியன்? அவனுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். அன்று இரவே கடதாசி எடுத்து வைத்தேன்.

நீ அந்தப் பாட்டை மெதுவாகப் பாட விரும்புவது எனக்கு விளங்குகிறது. எனக்கும் அது அப்படித்தான் வேண்டும். அப்பாவுக்கு இப்போது வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை. ஆனால் றெஜி, அது நீயும் நானும் வைத்திருக்க வேண்டிய கை. டினோஜன் அவரைக் கண்டதுகூட இல்லை. அவன் தன் அடி பிழை என்று நம்பிக்கொண்டு மூன்று வருடம் வாசித்திருக்கிறான். அப்படி நம்ப வைத்தது என் கடிதம். இன்னொரு கடிதத்தால் நான் அதை உறுதிப்படுத்தினால், பிறகு உனக்கு நான் எதை நல்லது என்று எழுதினாலும் அதற்கு மதிப்பிருக்காது.

நீ கேட்டபடி அவனுக்கு எழுதினேன். நீ கேட்டதை எழுதவில்லை. சைக்கிளைப் பற்றியும், பூவரசங்குளத்தில் கேட்டதைப் பற்றியும், அவனுடைய மேளத்தைப் பற்றியும் நாலு பக்கம் எழுதினேன். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவன் போனாலும் போகலாம். அப்படிப் போனால் உன் குழுவை உடைத்தது நான்தான். அதை யோசிக்காமல் எழுதவில்லை.

நாளை காலை சிஸ்ரர் வவுனியா போகிறா. டினோஜனின் கடிதத்தை மட்டும் அவவிடம் கொடுப்பேன். இதை அடுத்த மாதம் போகிறவர்களிடம் கொடுப்பேன். இரண்டும் ஒன்றாக வந்தால் நீ அவன் வாசிக்க முதல் ஓடிப்போய் விளக்கம் சொல்லுவாய். அவன் அதைத் தனியே இருந்து வாசிக்கட்டும். இது சிஸ்ரருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. நீ அறியும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

கோபம் வரும். வந்தாலும் கடிதம் போடு.

உன் அக்கா,
யூலிற்றா