பட்டை காட்டிய கணக்கு

நாள் 2, காலை 07:10
நிலவுத் தளம். எழுதுவது மருத்துவர் தமயந்தி. இதை யார் எடுத்துப் படித்தாலும் சரி: இங்கே இருப்பது இரண்டே பேர். பொறியாளர் அந்தோணி பர்னாந்துக்கு முந்தாநாள் இதய அறுவை செய்தேன். பூமிக்கு வெளியே இதுதான் முதல் முறை. தேற வேண்டுமானால் அவர் நடந்தாக வேண்டும். எத்தனை அடி நடக்கிறார் என்று எண்ணும் பட்டையைக் காலில் கட்டினேன். இன்று 40. வலியில் என்னைத் திட்டித் தீர்த்தார்.

நாள் 4, பகல் 13:30
ஆக்சிஜன் ஆலையில் அவர் வேலையும் இப்போது என் தலையில். பத்து மணி நேரமாக இங்கேதான் இருக்கிறேன். பட்டையின் எண் என் திரைக்கே வருகிறது: 1,900. ஒலிபெருக்கியில் கேட்டேன்.
"நடந்துட்டேதான் இருக்கேன் டாக்டரம்மா. நீங்க உங்க சோலியப் பாருங்க."
கொழுப்பைப் பார்! ஆனால் சந்தோஷமாக இருந்தது. செவ்வாய்த் தளத்தில் வெண்ணிலா என்பவருக்கு நேற்று இதே அறுவை. அந்தோணியின் அடிக் கணக்கை வைத்து நான் போட்ட நடை அட்டவணையை அங்கே அனுப்பினேன்.

நாள் 6, மாலை 17:40
அந்தோணி இறந்துவிட்டார். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்துவிட்டது. படுத்தே கிடப்பவர்களுக்கு வருவது. பட்டை, தரை பெருக்கும் இயந்திரத்தின் தூரிகையில் ஆடிக்கொண்டிருந்தது. அவரேதான் கட்டியிருக்கிறார்.
அடப்பாவி மனுஷா. முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.
உடலைத் துடைத்தேன். கஞ்சி குடித்தேன். செவ்வாய்க்கு எழுத உட்கார்ந்தேன். ஏமாந்துபோனேன் என்று எழுதக் கை வரவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

நாள் 7, காலை 08:15
செவ்வாயிலிருந்து செவிலியர்: "டாக்டர், வெண்ணிலாக்காவுக்கு இன்னிக்கு நாலாம் நாள். உங்க அட்டவணைப்படி 1,900 நடக்க வைக்கிறோம். முடியலைன்னு அழறாங்க. நாங்க விடலையே!"
அட்டவணை பொய், உடனே படுக்க வையுங்கள் என்று அனுப்பினேன். போய்ச் சேர இருபது நிமிடம்.

08:31
"1,600 தாண்டிட்டாங்க டாக்டர்!"
என் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

09:20
"போயிட்டாங்க. நடந்துட்டு இருக்கும்போதே விழுந்துட்டாங்க. அந்தக் கணக்கு பொய்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

09:48
கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.
'இன்று காலைதான்' என்று பதில் அனுப்பிவிட்டேன்.