மூட்டைக்கு என்ன குறை

மார்சிலிங்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ரக்ஷனாவுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே நான், உன் அண்ணன் ராஜீவ், அண்ணி, குட்டி ஆரபி எல்லோரும் சுகம். அங்கே வான்கூவரில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அதேபோல் இருக்கிறீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால், "சரிம்மா, முட்டி வலி எப்படி இருக்கு, அத சொல்லுங்க" என்று நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான். இங்கே ஒரு வாரமாக விடாத மழை, துணி காயவில்லை, நம் புளோக்கில் லிப்ட் மறுபடியும் பழுதாகி நேற்றுதான் சரிசெய்தார்கள். ராஜீவுக்கு வேலையில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், அப்பா வேலை பார்த்த அதே சாங்கி விமான நிலையப் பக்கம்தான், விடியும் முன்பே கிளம்பிவிடுகிறான். ஆரபிக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, சிரித்தால் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது.

போன வாரம் நீ ஒன்று கேட்டாய், நான் கோபமாகப் பேசிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். நீ வரையும் கார்ட்டூனில் வரும் மூட்டை என்கிற அந்தக் கூழைக்கடாப் பறவையின் பெரிய குறை சுயநலம்தான் என்று உங்கள் ஆபீஸில் ஒருத்தி சொன்னாளாம், மற்றவர்களும் தலையாட்டினார்களாம், நீங்க என்னம்மா சொல்றீங்க என்று கேட்டாய். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. வாய்க்குக் கீழே தொங்குகிற பை நிறைய மீனைப் பிடித்துக்கொண்டு வந்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு தூங்குகிற பறவை எப்படியடி சுயநலக்காரன் ஆகும்? அதுவும் அந்த மூட்டை யார் என்று எனக்குத் தெரியாதா? தோளைச் சாய்த்துக்கொண்டு நடக்கிற நடை, "எனக்கு எதுக்கு, நீங்க எடுத்துக்குங்க" என்கிற பேச்சு, எல்லாம் உன் அப்பா. பெயர் மட்டும்தான் மாணிக்கம் இல்லை. செத்துப்போன மனுஷனைச் சுயநலக்காரன் என்று யாரோ ஒருத்தி சொல்வதா, அதை நீ என்னிடமே கேட்பதா என்றுதான் எனக்கு ஆத்திரம்.

பிறகு ஆரபி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாப் பாகத்தையும் பார்த்தேன். ஓர் இடத்தில் அணில் ஒன்று ரம்புத்தான் பழம் கொண்டுவந்து மூட்டைக்குக் கொடுக்கிறது, மரம் மரமாகத் தேடி நல்லதாக ஒன்றைப் பறித்து வந்திருக்கிறது. மூட்டை நன்றி சொல்லிவிட்டு, அந்த அணில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் தூக்கி ஆமைக்குக் கொடுத்துவிடுகிறது. அணிலின் முகம் வாடுகிறதே, அதை எப்படி வரைந்தாய் ரக்ஷனா? ஆரபி உடனே, "பாட்டி, மூட்டை ரொம்ப மோசம் லா, அது squirrel கொடுத்தது" என்றாள். அணிலின் அந்த வாடிய முகத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

எதிர்வீட்டு ரவூப் மனைவியை உனக்குத் தெரியும். நீ அங்கே போன பிறகு ஒரு நோன்புப் பெருநாளுக்கு அவள், அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று, சீனியைக் குறைத்து ரவையில் தனியாக ஒரு சுஜி கேக் செய்து நீல மூடி போட்ட டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தாள். இவர் வாய் நிறையப் பாராட்டிவிட்டு, அவள் கதவைச் சாத்தியதும் டப்பாவோடு கீழ்மாடிக்கு இறங்கி, துரைசாமி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். சாயங்காலம் நானும் அவளும் லிப்டில் நிற்கிறோம், துரைசாமி மனைவி அந்த நீல மூடி டப்பாவைக் கழுவிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறாள். ரவூப் மனைவி டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "அண்ணனுக்குன்னு செஞ்சேன் அக்கா, பரவால்ல லா" என்றாள். அதற்குப் பிறகு அவள் எனக்குக் கொடுப்பாள், பிள்ளைகளுக்குக் கொடுப்பாள், அவருக்கென்று ஒன்றும் செய்ததில்லை. அவருக்கு அது தெரியவே இல்லை. நான் சொன்னபோது, "துரைசாமி வீட்ல புள்ளைங்க இருக்கு, அதான் கொடுத்தேன், இதுல என்ன தப்பு?" என்றார்.

கோயிலிலும் அப்படித்தான். சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் அன்னதானம் என்றால் வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நிற்பார். ஒருநாள்கூடப் பந்தியில் உட்கார்ந்ததில்லை. கடைசியில் எல்லாரும் சேர்ந்து உட்காருங்க அண்ணே என்று இலையைப் போட்டால்கூட, வேலை இருக்கு என்று நழுவி வீட்டுக்கு வந்து ஆறிப்போன சோற்றைச் சாப்பிடுவார். உட்கார்ந்தால் கூச்சமாக இருக்கிறதாம். பரிமாறுகிறவனுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவருக்குத் தெரியும், அந்தச் சந்தோஷத்தை இன்னொருத்தனுக்குக் கொடுக்க மட்டும் மனசு வரவில்லை. அதைத் தனக்கென்றே வைத்துக்கொண்டார். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

போன வருஷம் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன்னைக் கூப்பிடலாம் என்று நானும் ராஜீவும் எவ்வளவு மன்றாடினோம். "பாப்பா இப்பதான் நல்ல வேலைல இருக்கா, வரச் சொல்லாதே" என்றார். நீ போன் செய்தபோது உன்னிடமே, ஒன்றுமில்லை, வராதே என்று சிரித்துக்கொண்டு சொன்னார். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். நீ சாங்கியில் வந்து இறங்கியபோது அவர் இல்லை. ஒரு வாய்த் தண்ணீர்கூட உன் கையால் அவருக்குக் கொடுக்க முடியவில்லையே என்று நீ கூடத்தில் உட்கார்ந்து அழுதாயே, அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அவர் போவதற்கு முதல்நாள் ரவூப் மனைவி கறி போடாமல், உப்பைக் குறைத்து, நோன்புக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தாள். இவர் பழக்கத்தில் பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார், அதில் யாருமில்லை. என்னைப் பார்த்தார், நான் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "அண்ணே, இத நீங்கதான் சாப்பிடணும்" என்று அவள் கரண்டியை நீட்டினாள். கரண்டியைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். இரண்டு வாய் போயிருக்கும். "நல்லா இருக்கும்மா" என்றார், கண்ணெல்லாம் தண்ணீர். வெளியே வந்து அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் சாப்பிட்டாங்க அக்கா, அண்ணன் சாப்பிட்டாங்க" என்று அழுதாள். உன் அப்பா ஆயுசு முழுக்கக் கொடுத்த எதற்கும் யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அதனால் மூட்டையின் குறை சுயநலம்தான் என்று அந்தப் பெண்ணிடம் சொல், அம்மாவும் ஒத்துக்கொள்கிறாள் என்று சொல். ஆனால் மூட்டையைக் கெட்ட பறவையாக்கிவிடாதே. ஒரு பாகத்திலாவது அந்த அணில் கொடுப்பதை மூட்டை அங்கேயே உட்கார்ந்து தின்னட்டும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். "பிரசவத்துக்கு நீங்க வரவேணாம்மா, இங்க குளிரு, உங்க முட்டிக்கு ஆகாது, நாங்க manage பண்ணிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, எனக்கு முட்டியைப் பிடித்துவிடுகிற மெஷின் ஒன்றை அனுப்பிவைத்தாய். நல்ல மெஷின்தான், சூடாகக்கூட ஆகிறது. பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு நான் அழுதேன். வராதே என்று நீ சிரித்துக்கொண்டு சொன்ன குரல் உன் அப்பாவின் குரல். அதை நான் இரண்டாம் தடவை கேட்டு நடக்கமாட்டேன்.

நேற்று டெக்கா சந்தைப் பக்கம் போய் சுக்கு, திப்பிலி, பூண்டு எல்லாம் வாங்கிப் பொடி இடித்துவிட்டேன். ராஜீவ் டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறான், இன்னும் எடுக்கவில்லை, நீ சொன்ன பிறகுதான் எடுக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். உன் தலைக்கு எண்ணெய் வைத்துவிடவும், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டவும், இரவில் நீ தூங்க நான் தூக்கி வைத்துக்கொள்ளவும் எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆசை என்றுதான் சொல்கிறேன், உதவி என்று சொல்லவில்லை. முட்டி வலித்தால் வலித்துவிட்டுப் போகிறது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, குனிந்து எதையும் தூக்காதே, ராத்திரி இடதுபக்கம் திரும்பிப் படு. தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிரிந்து நூறு வயசு வாழ அம்மாவின் ஆசீர்வாதம். இதைப் படித்து முடித்ததும் போன் பண்ணு. முட்டி வலியைக் கேட்காதே. வாங்கம்மா என்று மட்டும் சொல்.

உன் அம்மா,
சிவகாமசுந்தரி மாணிக்கம்