இடது இருக்கையின் மஞ்சள் ஒயர்

மயூர் விஹார்,
12 ஜனவரி 2006

அன்புள்ள மேகலா,

நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்ப் பனியில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவுக்கு உயிர்மேல் ஆசை இருக்கிறதா என்று போனில் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. அவர் பக்கத்திலேயே நின்றதால் அதைக்கூடச் சொல்ல முடியவில்லை.

காரில் ஏர்பேக் பழுதைக் காட்டும் விளக்கு அணைந்துவிட்டது என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. குனிந்து பார்த்தால் விளக்கின்மேல் என்னுடைய கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. பிய்த்தெடுத்தேன், சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஜங்புரா மெக்கானிக்கோ, பல்பையே கழற்றிடறேன் ஆன்ட்டிஜி, டென்ஷன் கதம், தீர்ந்தது என்கிறான். வண்டியோடு வந்த புத்தகத்தைப் படித்தேன், ஒரு ஒயர் பழுதானாலும் மோதும்போது எந்தக் காற்றுப் பையும் விரியாமல் போகலாமாம். இந்த மூடுபனியில் தினமும் நொய்டாவுக்கு ஓட்டுகிறார். கேட்டால், அந்த வண்டியில இல்லாதது இதுல இருந்து இனிமே யாருக்குடி என்கிறார். பழைய வண்டியில் லாரி மோதியது உன் தம்பி கதிரவன் உட்கார்ந்திருந்த இடது பக்கத்தில், அவன் போய்விட்டான், ஓட்டிய இவருக்குக் கீறல்கூட இல்லை, அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

நீ சொன்னபடி டார்ச் அடித்து இருக்கைகளுக்கு அடியில் பார்த்தேன், எதையும் தொடவில்லை. இந்த வண்டி வந்த நாளிலிருந்து இடது முன்னிருக்கையில் யாரும் உட்காரக் கூடாதென்று அதை முன்னால் முட்டத் தள்ளியே வைத்திருக்கிறார், நானும் பின்னால்தான் உட்காருகிறேன். அதனடியில் மஞ்சள் ஒயர் விறைத்து நிற்கிறது. அதுதான் காரணமாக இருக்கும். ஆனால் அந்த இருக்கையைப் பின்னுக்குத் தள்ளுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயாவது சொல்லேன். எம்.எஸ்ஸி. படித்த நான் இன்று காலை கார் சாவியை அரிசி டப்பாவில் ஒளித்துவைத்தேன். பஸ்ஸில் போனார். நாளைக்கு என்ன செய்வேன்?

தீர்க்காயுசாக இருங்கள் இருவரும். பின்சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் போட மறக்காதே.

உன் அம்மா,
பூங்கோதை

13ஆம் தேதி. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. காலையில் சாவியை எடுத்துக் கொடுத்து ஒயர் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். நேரே சர்வீஸ் சென்டருக்கு ஓட்டினார். பேட்டரியைக் கழற்றிச் சிறிது நேரம் பொறுத்து, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, இழுபட்டுக் கழன்றிருந்த இணைப்பை மாட்டினார்கள். கம்ப்யூட்டரில் பழைய பழுதுப் பதிவை அழித்ததும் விளக்கு அணைந்தது. வீட்டு வாசலில் அப்பா அந்த இருக்கையை மறுபடியும் முன்னால் தள்ளினார். அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்து, ஒயர் இழுபடாத அளவுக்கு மட்டும்.