நீ கூப்பிட்ட ஓட்டம்

மச்சான்,

என் அச்சுக் கடைக்குள் இன்னும் அந்த மை வாசம் நிற்கிறது. போன கிழமை நம் கிரிக்கெட் கழகச் செயலாளர் வந்து சுவரொட்டி ஒன்று அச்சடித்துத் தரச் சொன்னார். தாள் தாளாக உன் முகம் சூடாக வெளியே வந்து விழுந்தது. படத்துக்குக் கீழே, "மார்ச் 17. இலங்கை உலகக் கிண்ணத்தை வென்ற நாள். எங்கள் முன்னாள் தலைவர் பிறந்த நாள்" என்று இருந்தது. அதே நாளில் பிறந்த இன்னொருவன்தான் பக்கத்தில் நின்று தாளை அடுக்கிக்கொண்டிருக்கிறான் என்பது அவருக்கு நினைவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் போகும்போது, "நவாஸ் காக்கா, நீங்க அவர்ட பழைய கூட்டாளி. இப்தாருக்கு முன்னால ரெண்டு வார்த்தை கதைக்கணும்" என்றார். ஓம் என்றேன்.

கல்முனை ஆஸ்பத்திரியில் நம் உம்மாமார் இருவரும் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள். காலையில் நீ, பின்னேரம் நான். அந்த அரை நாள் மூப்பை நீ கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. பத்திரிகையிலும் வானொலியிலும் 'இன்றைய நாளில்' என்று எது வந்தாலும் நம் தேதிக்குரியதைப் பிடித்துவைத்து, ஒவ்வொரு பிறந்த நாளிலும் என்னிடம் ஒப்புவிப்பாய். வங்கதேசத்தின் தேசத் தந்தை பிறந்தது அன்றைக்குத்தான். தென்னாபிரிக்காவின் வெள்ளைக்காரர்கள் நிறவெறியை முடிக்கச் சம்மதித்து வாக்களித்ததும் அன்றைக்குத்தான். "இது நம்மட நாள் மச்சான். இண்டைக்கு நமக்கு ஒண்டும் பிழைக்காது" என்பாய்.

லாகூரில் நம் நாடு கிண்ணத்தை வென்றதும் அதே நாளாக அமைந்தபோது எனக்கும் அந்த நம்பிக்கை தொற்றிக்கொண்டது. தபால்காரர் வீட்டு முற்றத்தில் தொலைக்காட்சியை வெளியே தூக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நீ என்னைத் தூக்கிக்கொண்டு சுற்றியதில் என் சறத்தின் ஓரம் கிழிந்துபோனது. நமக்குப் பதினாறு வயது. மறுநாளே கிரிக்கெட் துடுப்பைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு விளையாடப் போனோம்.

கழகத்துக்கு நீ தலைவன் ஆனாய். நான் பந்து வீசுகிறவன். துடுப்பெடுத்தால் கடைசி ஆள். சமாதான ஒப்பந்தம் வந்து வீதித் தடைகள் தளர்ந்திருந்த அந்த வருடம், வயல் பக்கத்து ஊர்களிலிருந்தும் அணிகள் வந்து பெரிய சுற்றுப்போட்டி நடந்தது. உலகக் கிண்ண நினைவாக இறுதி ஆட்டத்தை நம் தேதியில் வைத்தார்கள். எதிரணி ஓர் அரிசி ஆலை முதலாளியின் அணி. அன்று காலை நீ என் தோளைத் தட்டி, "மூண்டாவதும் நமக்குத்தான்டா" என்றாய். எந்த மூன்று என்று கேட்டேன். "நம்ம பிறந்தது, உலகக் கிண்ணம், இது" என்றாய்.

கடைசி ஓவர். கடைசி ஜோடி, நீயும் நானும். வெற்றிக்கு இரண்டு ஓட்டம். நீ பந்தை மெதுவாக மிட் ஓஃப் பக்கம் தட்டிவிட்டு "ஓடு" என்று கத்தினாய். நான் ஓடினேன். பாதி தாண்டித் தலையை நிமிர்த்தினால் நீ கோட்டுக்குள்ளேயே நிற்கிறாய். திரும்பி ஓடி விழுந்தேன். எனக்கு முன்னால் ஸ்டம்பு சாயும் சத்தம் கேட்டது.

வாய் முழுக்க மணலோடு எழுந்தேன். எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "கூப்பிடாம ஏன்டா ஓடின?" நான் உன்னைப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டு, "உடுங்க, அவனை ஏசாதீங்க. போனது போகட்டும்" என்றாய். எவ்வளவு பெரிய மனம் என்று ஊர் உன்னைப் புகழ்ந்தது. நான் அன்றிலிருந்து றன்அவுட் நவாஸ்.

நீ வேலைக்குக் கட்டாருக்குப் போவதற்கு முன்பு உன் வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"மச்சான், நீ கூப்பிட்ட தானே?"

நீ பெட்டிக்குள் உடுப்பை மடித்து வைத்துக்கொண்டிருந்தாய். நிமிரவில்லை. "உனக்கு அப்பிடிக் கேட்டிருக்கும் மச்சான். கடல் காத்து."

அதை நான் நம்பினேன். அதுதான் இப்போது எரிகிறது. உன்னை நம்புவதற்காக என் காதை நம்பாமல் விட்டேன். யாராவது வீதியில் கூப்பிட்டால் இரண்டாம் தரம் கூப்பிடும்வரை திரும்பாமல் நடந்தேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தபோதும் பின்னாலிருந்து யாரோ அந்தப் பட்டத்தைச் சொன்னார்கள், பந்தல் சிரித்தது. சுனாமி அந்த மைதானத்தைக் கொண்டுபோனது. பட்டத்தைக் கொண்டுபோகவில்லை. நீ கட்டாரிலிருந்து அனுப்பிய உதவியில் கழகம் புது மைதானம் போட்டது. திறப்பு விழாவுக்கு வந்த நீ என்னைக் கட்டிப்பிடித்து, "எண்ட உயிர்க் கூட்டாளி" என்று எல்லோருக்கும் காட்டினாய். எனக்கு அழுகை வந்தது.

நீ இறந்தபோது உன் ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தேன். மூன்றாம் நாள் உன் வீட்டு முற்றத்தில் இருந்தபோது நரைத்த தாடியோடு ஒருவர் வந்து என் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. அந்த இறுதி ஆட்டத்தில் கடைசிப் பந்தை வீசியவர் தான்தான் என்றார்.

"நல்ல மனிசன். சொன்ன சொல் மாறாதவர்" என்று உன்னைப் பற்றித் தொடங்கினார். "எங்கட முதலாளிக்கு அந்தக் கப் எப்பிடியும் வேணும். இவருக்கு முதலாளி எடுத்துக் குடுக்கிற கட்டார் விசா வேணும். 'ஆட்டத்தக் கடைசி ஜோடி வரைக்கும் இழுப்பன். நான் மிட் ஓஃபுக்குத் தட்டிப்போட்டுக் கூட்டாளிய ஓடச் சொல்லுவன், நீ ஸ்டம்புக்குக் கிட்ட நில்லு' எண்டு காலையிலேயே சொல்லிப்போட்டார். அப்பிடியே செஞ்சார்."

"காலையிலேயா?" என்று கேட்டேன்.

"ஓம். சுபஹுத் தொழுதுட்டு வந்து."

பிளேன்டீ வந்தது. அவர் வாங்கிக் குடித்தார். நான் எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்தேன். என் தோளைத் தட்டி 'மூண்டாவதும் நமக்குத்தான்' என்று நீ சொன்னபோது எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாய்.

நேற்று மார்ச் பதினேழு. நோன்பு மாதம் என்பதால் உன் பெயரில் நடக்கும் ஆட்டத்தைப் பெருநாளுக்குப் பிறகு வைத்திருக்கிறார்கள். கழக மண்டபத்தில் இப்தார் மட்டும். கஞ்சிக் கோப்பைகளுக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருக்க, நான் எழுந்து நின்றேன். நீ சேர்த்த செய்திகளை வரிசையாகச் சொன்னேன். வங்கதேசம், தென்னாபிரிக்கா, லாகூர். நீயும் நானும் ஒரே நாளில் பிறந்தோம் என்றேன். செயலாளர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சொன்னேன்: "அந்த ஃபைனல்ல அவன் கூப்பிட்டான். அதாலதான் நான் ஓடினன். எனக்குச் சரியாத்தான் கேட்டது."

விசாவையும் முதலாளியையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். ஒரு மூலையிலிருந்து, "அது பழங்கதை, இப்ப என்னத்துக்கு" என்று குரல் வந்தது.

நான் உட்கார்ந்ததும் உன் மகன் எழுந்து வந்து என் பக்கத்தில் அமர்ந்தான். பல்கலைக்கழகத்துக்குப் போகிறான், உன் நெற்றிதான் அவனுக்கு.

"மாமா, வாப்பா உண்மையாக் கூப்பிட்டாரா?"

"ஓம் மகன்."

"அப்ப ஏன் அவர் அத ஒருத்தரிட்டயும் சொல்லல்ல?"

அவன் முகத்தைப் பார்த்தேன். ஒரு வசனம் போதும், அவனுக்கு வாப்பா இல்லாமல் போய்விடுவார். "அது எனக்குத் தெரியா மகன்" என்றேன். அவன் பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் நகர்த்திவைத்தான். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

நோன்பு திறக்கும் நேரம் கேட்கும் துஆ தட்டப்படாது என்று மௌலவி சொல்லி, உனக்காக எல்லோரையும் கை ஏந்தச் சொன்னார். நானும் ஏந்தினேன். சுற்றிலும் ஆமீன் எழுந்தது. உனக்கென்று ஒரு சொல்லும் எனக்கு வரவில்லை. உன் மகனுக்காக மட்டும் கேட்டேன்.

கட்டாருக்குப் போக வேண்டுமென்றால் நீ உன் விக்கெட்டையே விட்டிருக்கலாம். ஆட்டம் அப்படியும் தோற்றிருக்கும், விசாவும் வந்திருக்கும். நானும் உன்னைத் தேற்றி வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பேன். அன்று காலை தொழுதுவிட்டு நடந்து வரும்போது, அத்தனை பேருக்குள் என்னை எப்படித் தேர்ந்தெடுத்தாய் மச்சான்? நான் உன் சொல் கேட்டு யோசிக்காமல் ஓடுவேன் என்று தெரிந்ததாலா?