உப்புத் தட்டும் சாம்பல் நிறக் கடலும்

தோஸ்து,

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வரி நேராகத்தான் தொடங்குகிறது. பாதியில் பாலம் ஏறுகிற ரயில் போல மேலே போய்விடுகிறது. ழ எழுத மட்டும் தனியாக மூச்சுப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த வயதில் படிக்க உட்கார்ந்தவன், பொறுத்துக்கொள்.

இன்று காலை மருமகள் பக்கெட் தண்ணீரில் சொட்டு நீலம் விட்டாள். நீலம் புகை மாதிரி சுருண்டு இறங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா மாமா, தனியா சிரிச்சிகினு கீறீங்க?" என்றாள். அவளுக்குச் சொல்லவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும். ஹார்பரில் நீ கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தாய், நான் மூட்டை தூக்கினேன். சம்பளத் தாளில் நீ கையெழுத்துப் போடுவாய், நான் கட்டைவிரலை மையில் தொட்டு வைப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் நீ பெயிண்டை விடவில்லை. மிச்சப் பலகையில் எண்ணூர் கடலை வரைந்தாய். புகைபோக்கிகளும், சாம்பல் கலந்த தண்ணீரும், ஓரத்தில் உன் வீடும். மஸ்கட்டில் நர்ஸாக இருந்த உன் மகள் போனில் கேட்டாள்: "அப்பா, அதை போட்டோ எடுத்து அனுப்பு. இங்க நான் பார்க்கணும். இன்டர்நெட்டுலயும் போட்டு எல்லாருக்கும் காட்டுறேன்." அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. உனக்கோ மூச்சு நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருந்தது. அவள் வருவதற்குள் நீ இருப்பாயா என்பதை நாம் இருவரும் பேசாமலே பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

மார்க்கெட் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த செல்வி, அப்போதுதான் டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தாள். கல்யாணங்களுக்கு எடுத்துப் பழகிய கை. உன் வீட்டுக்குள் ஃபிளாஷ் போட்டு எடுத்தாள். உன் பலகையில் எனாமல் பெயிண்ட் பளபளப்பாயிற்றே, நடுக்கடலில் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டது. நீ உற்றுப் பார்த்தாய்.

"இன்னா செல்வி, என் கடலுக்கு நடுவுல டியூப்லைட்டு மொளச்சிகீது?"

வெளிச்சத்துக்காக மொட்டைமாடிக்குப் போனோம். வெயிலுக்குக் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய்க்குக் கீழே அவள் எடுத்தாள். திட்டு இல்லை, படம் தெளிவாக இருந்தது. கேமராவின் சின்னத் திரையில் நமக்கு வேறொன்றும் தெரியவில்லை. பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பிவிட்டு டீ குடித்தோம்.

மறுநாள் மகளின் பதிலைச் செல்வி உனக்கும் எனக்கும் சேர்த்துப் படித்துக் காட்டினாள். "அப்பா, கடல் இவ்வளவு நல்லா ஆயிடுச்சா? இப்படி நீலமா நான் பார்த்ததே இல்லையே. சந்தோஷமா இருக்கு."

தார்ப்பாயின் நீலம் கடல் மேல் இறங்கியிருந்தது. நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. சொன்னாய்: "பொண்ணாண்ட பொய் சொல்லிட்டேன் மாமே. மூச்சு போவறதுக்குள்ள சரி பண்ணணும்."

அடுத்த நாள் தார்ப்பாயை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சுவர் நிழலில் நின்றோம். பலகை துளியும் சாயக்கூடாது, சாய்ந்தால் வீடு கோணலாகும் என்று செல்வி சொன்னதால் நான் பிடித்துக்கொண்டேன். "மூட்டை தூக்குன கை, ஒரு பலகைக்கு இந்த ஆட்டம் ஆடுது பார்" என்றாய். முதலில் கேமராவுக்கு ஒரு வெள்ளையைக் காட்ட வேண்டுமாம். இதுதான் வெள்ளை என்று அதற்குப் புரிந்தால் மற்ற நிறங்களைத் தானே சரியாக எடுத்துக்கொள்ளுமாம். என் வேட்டியைக் காட்டினேன். பேட்டை முழுக்க அதைவிட வெள்ளை கிடையாது என்று எனக்கு ஒரு பெருமை.

படத்தில் கடல் டீ மாதிரி வந்தது.

செல்வி என் வேட்டி நுனியைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். "மாமா, உங்க வூட்ல அத்தை எவ்ளோ நீலம் ஊத்தறாங்க? இது வெள்ளையே இல்ல. இந்த நீலத்தைப் போய் வெள்ளைன்னு நம்பி, கேமரா எல்லாத்துலயும் மஞ்சளைக் கொட்டிகீது."

நீ சிரித்த சிரிப்பில் இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாய். "இவன் பொண்டாட்டி ஒருத்தி போதும், கடலையே கெடுத்துடுவா" என்றாய்.

"நீலம் படாத வெள்ளை வூட்ல இன்னா கீது மாமா?" என்று செல்வி உன்னைக் கேட்டாள். நீயே மெல்லப் படியிறங்கிப் போய், ஒரு தட்டு நிறையக் கல்லுப்பைப் பரப்பி எடுத்து வந்தாய். அதைக் கேமராவுக்குக் காட்டிவிட்டு அவள் எடுத்தாள். பலகையையும் கூடவே தூக்கிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். கம்ப்யூட்டர் பக்கத்தில் அதை நிறுத்தி, நீ இங்கே ஒரு பார்வை அங்கே ஒரு பார்வையாகப் பார்த்தாய். பிறகு, "அனுப்பு" என்று ஒரு சொல் சொன்னாய்.

உன் மகளின் பதில் சின்னதாக வந்தது. "அப்பா, இந்தப் படத்தைப் பார்த்தா நம்ம வூட்டு வாசல்லயே நிக்கிற மாதிரி இருக்கு." நீ அதைச் செல்வியை இரண்டு முறை படிக்க வைத்தாய். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாய்.

போன வாரம் அதே பிரவுசிங் சென்டருக்குப் போனேன், தோஸ்து. உன் மகள் அந்தப் படத்தைப் போட்டிருக்கிற பக்கத்தைத் திறந்து கொடுத்தார்கள். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். படத்துக்குக் கீழே இருந்ததை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி நானே படித்தேன். "எங்கள் கடல் இந்த நிறம்தான். அப்பா வரைந்தது." பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகப் படித்திருக்கிறேன்.

அப்புறம்தான் கவனித்தேன். படத்தின் ஓரத்தில், பலகையைப் பிடித்திருக்கும் என் கட்டைவிரல். உன் மகள் அதை வெட்டாமல் விட்டிருக்கிறாள். சம்பளத் தாளில் மை தொட்டு வைத்த அதே விரல். இப்போது பேனாவை அழுத்திப் பிடித்து, நகத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் காய்த்துப் போயிருக்கிறது. எழுதி முடித்ததும் அதைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

உன் மகளுக்கு என் கையால் ஒரு மடல் எழுத வேண்டும். வரி இன்னும் மேலே ஏறுகிறது. அதனால் அடுத்த வாரமும் உனக்கே எழுதிப் பழகிக்கொள்கிறேன்.