நாயகத்தின் அச்சு

சேரன்மகாதேவி
3-5-1995

சிரஞ்சீவி சிவசங்கரனுக்கு, ஆச்சி நீலாம்பாள் எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. கோயம்புத்தூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

பார்சல் வந்தது. தபால்காரர் ஜெபகனியிடம் பெருமையாகச் சொன்னேன்: மற்றவர்கள் மாதக்கணக்கில் இரும்பைக் கடைந்து எடுக்கும் அச்சை என் பேரன் ஒரே நாளில் எடுத்துவிடுவான், துத்தநாகக் கம்பியை உருக்கி, வயலுக்கு மருந்து அடிப்பதுபோல் மாதிரியின்மேல் அடித்தால் போதும், மயிரிழைகூடத் தப்பாது என்று. பிரித்துக் காட்டச் சொன்னார். பிரித்தேன். துத்தநாக அச்சில் உன் தம்பி நாயகத்தின் முகம்.

போன வருஷம் பொங்கலுக்கு வந்தபோது, மூச்சு விட மூக்கில் பப்பாளிக் குழல் செருகி, மாதிரி எடுக்க அவன் முகத்தில் பிளாஸ்டர் அப்பினாயே. அரைமணி நேரம் அசையாமல் கிடந்தான். "வெளையாட்டுக்குக்கூட இப்படிக் கெடக்காதலே" என்று உன் அம்மா அழுதாள். அந்த வருஷம் ஐப்பசியிலேயே, குளிக்கப் போனவனை ஆறு கொண்டுபோய்விட்டது. ஏரல் வரை தேடியும் உடம்பு கிடைக்கவில்லை.

அச்சு இப்போது கூடத்து மாடத்தில் இருக்கிறது. அது குழி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எட்ட நின்றால் முகம் புடைத்து வெளியே வருகிறது. நடந்தால் கூடவே திரும்புகிறது. உன் அம்மா அதன் எதிரே தட்டு வைத்துச் சோறு போடுகிறாள். நான் விரலை உள்ளே விட்டு, "பாரு தாயி, வெறுங்குழி" என்றேன். "கண்ணத்தான் மூடியிருக்கான் அத்தை, நா போற பக்கமெல்லாம் மூஞ்சியத் திருப்புதான். செத்தவன் திருப்புவானா?" என்று கேட்டாள்.

உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் முடைந்து எரிக்க வேண்டும். உன் அப்பா இல்லாததால் கொள்ளி வைக்க வேண்டியவன் நீ. வைகாசி அமாவாசைக்குள் முடிக்கச் சொல்கிறார் ஐயர். மகன் முகம் வீட்டில் இருக்கையில் புல்லை ஏன் எரிக்க வேண்டும் என்கிறாள் உன் அம்மா.

தம்பியைத் தேடிவிட்டுப் போன நீ, பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை. பட்டறையில் இதை வைத்திருக்க முடியவில்லை என்று மட்டும் பார்சலுக்குள் சீட்டு வைத்திருந்தாய். உன்னைப் பார்த்தும் திரும்பியதா, ஐயா?

நேற்று நானும் அதற்கு முதுகு காட்டப் பயந்து, பின்னாலேயே அடி வைத்துக் கூடத்தைவிட்டு வெளியே வந்தேன்.

அமாவாசைக்கு முன்னால் வந்துவிடு. அதன் பக்கத்தில் நீ வந்து நின்றால், உன் அம்மா பார்க்க இன்னொரு முகம் இருக்கும்.

காந்திமதி அம்மன் உன் கூடவே வரட்டும்.

வாசலைப் பார்த்திருக்கும்,
ஆச்சி